வாசலுக்கு வருகிறவர்கள்: நகரத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னைக்கு முதல் முறையாகக் குடிவருகிறவர், வந்த ஒரு மாதத்துக்குள்ளேயே, சொந்த உறவினர்களைவிட அதிகமாகச் சில மனிதர்களைச் சந்திக்கத் தொடங்கிவிடுகிறார். விடியுமுன் பால் பாக்கெட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறவர், பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வருகிற தூய்மைப் பணியாளர், குடியிருப்பின் காவலாளி, பேருந்து நடத்துநர், மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து தரும் இளைஞர், தபால்காரர், மின்வாரியத்தின் கம்பியாளர் ஆகியோரே அவர்கள். சொந்த ஊரில் இத்தகையவர்களின் பெயரும் குடும்பமும் நமக்குத் தெரிந்திருக்கும். நகரத்தில், அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட அறியாமல் பத்து ஆண்டுகளை ஒரே தெருவில் கழித்துவிட முடியும். அப்படிக் கழிக்க விரும்பாதவர்களுக்காக, இவர்களுக்கு மரியாதையும் நன்றியும் காட்டும் முறை பற்றி நான் பல ஆண்டுகளாகத் தவறியும் திருத்திக்கொண்டும் கற்றவற்றை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

வரிசை முக்கியம் என்பதை ஒரு தவற்றிலிருந்தே கற்றேன். நகரத்துக்கு வந்த முதல் ஆண்டில், எங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவுக்குத் தீபாவளியன்று இனிப்புப் பெட்டியும் பணமும் கொடுத்து, என் கடமை முடிந்தது என்று மனநிறைவோடு இருந்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் உள்ளங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். உடைந்த டியூப்லைட்டை யாரோ பாலித்தீன் பையில் அப்படியே போட்டிருந்ததாகவும், பையை அமுக்கியபோது கை கிழிந்ததாகவும் சொன்னார். அந்தப் பை என்னுடையது. நான் அதை அவரிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருக்கு நான் முதலில் செய்திருக்க வேண்டிய மரியாதை இனிப்புப் பெட்டியன்று, நான்கு செய்தித்தாள்களும் ஒரு முழம் கயிறும்தான் என்பது அன்று உறைத்தது. ஆகவே, ஒருவருடைய வேலையை நாம் கடினமாக்காமல் இருப்பது முதல் படி. அழைப்பதும் பேசுவதும் அதற்கு அடுத்தவை. தண்ணீர், பணம், கடிதம் ஆகியவை அவற்றுக்கும் பின்னால் வருகின்றன.

முதல் படி: வேலையைக் கவனித்து, சுமையைக் குறைத்தல்

குடிவந்த முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, குப்பை வண்டி வரும் நேரத்தில் பத்து நிமிடம் வாசலில் நின்று பாருங்கள். பிரிக்காமல் கொடுக்கப்பட்ட குப்பையைத் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஒருவர் தம் கையாலேயே பிரித்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்த காலம் முதலே சட்டம் சொல்கிறது. அந்த வேலையை நாம் செய்யாதபோது அது இல்லாமல் போவதில்லை, நம்மைவிடக் குறைந்த கூலி வாங்கும் ஒருவருடைய கைக்குப் போகிறது.

மட்கும் குப்பையைப் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். அதை அவர் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கும். வாளியில் சேர்த்து, நீரை வடித்துவிட்டு, நேராக வண்டியில் கவிழ்த்தால் போதும். நாப்கின்களையும் குழந்தைகளின் டயப்பர்களையும் செய்தித்தாளில் சுற்றி, உள்ளே இருப்பது என்னவென்று பார்த்தவுடன் தெரியும்படி சிவப்பு மையால் ஒரு குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைப் பல மடிப்புத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, "கண்ணாடி" என்று மேலே எழுதி, கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். எல்லோருக்கும் எழுத்து வாசிக்க வரும் என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. சவர பிளேடுகளையும், வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் இன்சுலின் ஊசிகளையும், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்துவைத்து, மற்றவற்றோடு கலக்காமல் ஒப்படையுங்கள். ஊசி குத்திவிட்டால், என்ன நோய் தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தோடு அவர் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

பண்டிகை நாள்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆயுத பூசையன்று வண்டிக்கு முன்னால் உடைக்கும் பூசணிக்காயைப் பூசை முடிந்த கையோடு நீங்களே வாரி ஓரமாக வையுங்கள். இரு சக்கர வாகனத்தில் வருகிறவர் வழுக்கி விழுவதும், மறுநாள் காலை குங்குமம் கலந்த கூழைத் தெரு முழுதும் ஒருவர் சுரண்டிக்கொண்டிருப்பதும் அதனால் தவிர்க்கப்படும். தீபாவளிப் பட்டாசுக் குப்பையைச் சென்னை மாநகராட்சி தனியாகச் சேகரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. அதை மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் கட்டி வைத்தால், உங்கள் தெருவின் பணியாளருக்கு அன்று ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்.

மற்றவர்களுடைய வேலையையும் இதே கண்ணால் பார்க்கலாம். பேருந்தில் ஏறுமுன் சில்லறையைக் கையில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவது நடத்துநரை எவ்வளவு திணறடிக்கும் என்பதை அவருடைய பையைப் பார்த்தாலே அறியலாம். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணத்தில் தரப்படும் சீட்டை, பணம் இல்லையே என்று அலட்சியமாக விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு அவரே பொறுப்பு. உணவோ பொருளோ வரவழைக்கும்போது கதவு எண், மாடி, அருகில் உள்ள அடையாளம் ஆகிய மூன்றையும் முகவரியில் எழுதி, அழைப்பு வந்தால் உடனே எடுங்கள். நீங்கள் தாமதிக்கும் ஐந்து நிமிடம் அவருடைய அடுத்த கூலியிலிருந்து போகிறது. நாய் வளர்க்கிறவர்கள், தபால்காரர் வரும் வேளையில் அதைக் கட்டிவைக்க வேண்டும்.

இரண்டாம் படி: அழைக்கும் முறை

தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. "வா" என்பதும் "வாங்க" என்பதும் ஒரே பொருளைத் தந்தாலும், கேட்கிறவருக்கு அவை ஒன்றல்ல. வயதில் எவ்வளவு இளையவரானாலும், வேலைக்காக உங்கள் வாசலில் நிற்பவரை "வாங்க, போங்க" என்றே பேசுங்கள். மூத்தவர்களை ஐயா, அம்மா என்றும், ஏறக்குறைய நம் வயதுடையவர்களை அண்ணா, அக்கா என்றும், இளையவர்களைத் தம்பி, தங்கச்சி என்றும் அழைத்து, அதனோடு பன்மையைச் சேர்த்துக்கொள்ளலாம். "தம்பி, கொஞ்சம் நில்லுங்க" என்ற பேச்சில் உறவும் மரியாதையும் சேர்ந்தே இருக்கின்றன. "வாட்ச்மேன்", "குப்பைக்காரர்", "வேலைக்காரி" என்று தொழிலால் அழைப்பதை, அவர்கள் இல்லாதபோது வீட்டுக்குள் பேசுகையிலும் விட்டுவிட வேண்டும்; குழந்தைகள் அங்கிருந்துதான் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் உங்கள் பெயரையும் நீங்கள் குடிவந்த வீட்டையும் சொல்லுங்கள். பிறகு அவர் பெயரைக் கேளுங்கள். மறந்துவிடும் என்றால் கைப்பேசியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "எந்த ஊர்?" என்று கேட்பது நம்மிடையே இயல்பான அன்பு. ஆனால் அதைத் தொடர்ந்து ஊரில் எந்தத் தெரு, எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று விசாரித்துக்கொண்டே போனால், அது சாதியைத் தேடும் கேள்வியாக மாறிவிடும். நீங்கள் அந்த எண்ணத்தோடு கேட்காவிட்டாலும், தூய்மைப் பணியில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்விகளின் வரிசை மிகப் பழக்கமானது. ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றதை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த பலரைச் சந்திப்பீர்கள். அவர்களை "வடக்கன்" என்று சொல்லும் வழக்கத்தைப் பழகிக்கொள்ளாதீர்கள். ஒடியாவையோ வங்காளத்தையோ தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் இந்தியில் நன்றி சொல்வதைக் காட்டிலும், அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்று, மெதுவான தமிழில் பேசுவதே அவருக்கும் உதவி.

மூன்றாம் படி: சொல்

நம் வீடுகளில் அம்மாவிடமோ தம்பியிடமோ "நன்றி" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் விலக்கிவைத்துப் பேசுவது போல இருக்கும். மேடையிலும் கடிதத்திலும் இயல்பாக அமையும் அந்தச் சொல், வாசலில் சில வேளை விறைப்பாகிவிடுகிறது. அதனால் சொல்லக் கூடாது என்பதில்லை; அதோடு நின்றுவிடக் கூடாது. "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியும், "ரொம்ப உதவியா இருந்துச்சு அண்ணா" என்ற வார்த்தையும், "பார்த்துப் போங்க" என்று வழியனுப்புவதும் தமிழில் நன்றியின் வேலையைச் செய்துவருகின்றன. ஆனால் சாப்பிட்டீர்களா என்று கேட்டால், இல்லை என்ற பதில் வந்தால் ஏதேனும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

பாராட்டும்போது, எதைக் கவனித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "நல்லா வேலை செய்றீங்க" என்பது யாரிடமும் சொல்லக்கூடியது. "மழை பெஞ்ச அன்னைக்குப் பால் பாக்கெட்டை நனையாம சன்னல் திண்டுல வச்சிருந்தீங்க, நான் பார்த்தேன்" என்பதை அவரிடம் மட்டுமே சொல்ல முடியும். அந்த வேலையை யாரோ பார்த்தார்கள் என்பதே அவருக்குப் புதிது. ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டி, வேலைக்கு நடுவில் அவரை நிறுத்திவைக்க வேண்டாம்.

நான்காம் படி: தண்ணீர், நிழல், கழிப்பறை

சித்திரை, வைகாசி மாதங்களின் கத்திரி வெயிலில் தண்ணீர் கொடுப்பது எல்லோருக்கும் தோன்றும் உதவி. எதில் கொடுக்கிறோம் என்பதுதான் பலர் தவறும் இடம். நகரத்தின் பல வீடுகளில், வேலை செய்ய வருகிறவருக்கென்று சமையலறை மூலையில் ஒரு தனித் தம்ளரும் தட்டும் இன்னமும் இருக்கின்றன. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைக் கண்டிக்கும் நாம், நம் வீட்டில் இருக்கும் இந்தக் குவளையைச் சுத்தம் என்ற பெயரால் நியாயப்படுத்துகிறோம். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது கூறு வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. நீங்கள் குடிக்கும் தம்ளரிலேயே கொடுங்கள். தனித் தம்ளர் வைத்திருக்கும் வீட்டில் வாடகைக்கு இருந்தால், உங்கள் பங்குக்கு இரண்டு தம்ளர்களை வாங்கி, நீங்களும் அவரும் அவற்றிலேயே குடியுங்கள். மீந்த உணவைக் கொடுப்பதானால், நீங்கள் அடுத்த வேளைக்கு அதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டுக்கொண்டு, ஆம் என்றால் மட்டும், வேண்டுமா என்று அவரிடம் கேட்டபின் கொடுங்கள்.

தண்ணீரைவிட அரிதாகக் கிடைப்பது கழிப்பறை. காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கும் பெண் பணியாளர்களில் பலர், கழிப்பறைக்கு வழியில்லை என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அவர்களிடம் தண்ணீர்ப் புட்டியை மட்டும் நீட்டுவது பாதி உதவிதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் உள்ள கழிப்பறையைப் பூட்டிவைக்காமல், தூய்மைப் பணியாளர்களுக்கும் பொருள் கொண்டுவருகிறவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஒருமுறை கேட்டு மறுத்தால், அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். தனி வீட்டில் இருப்பவர்கள், வெளிப்புறக் கழிப்பறையில் சோப்பும் வாளியும் வைத்து, "தேவைப்பட்டால் இங்கே போகலாம், கேட்க வேண்டியதில்லை" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். மின்தூக்கியில் பணியாளர்கள் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தால், அதை அகற்றச் சொல்வதும் இதே கூட்டத்தின் வேலை.

உட்கார ஓரிடம் என்பதும் அத்தகையதே. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. தியாகராய நகரின் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றிருந்த பெண்களை நினைத்துப் பார்த்தால், அந்தத் திருத்தத்தின் அருமை புரியும். நீங்கள் வாங்கப் போகும் கடையில், விற்பனை செய்கிற அக்கா உட்கார்ந்திருந்தால், அவர் எழாமலே பேச விடுங்கள். உங்கள் குடியிருப்பின் காவலாளிக்கு முதுகு சாயும் நாற்காலியும் ஒரு மின்விசிறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உணவு கொண்டுவருகிறவர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்விடம் ஒன்றைத் திறந்தது. அதைப் போல ஒன்று ஒவ்வொரு தெருவிலும் வர நாளாகும். அதுவரை உங்கள் வாசல் மரத்தடியில் ஒரு பலகை போட்டுவைக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை வெள்ளக்காடானபோது, வேறு மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அத்தகைய நாள்களில் வெளியூரிலிருந்து வந்திருப்பவருக்கு வேண்டியவை உலர்ந்த துண்டு, கைப்பேசிக்கு மின்னேற்றம், படுக்கக் காய்ந்த தரை. உணவுப் பொட்டலத்தைக் கொடுக்கப் பலர் வருவார்கள். மற்ற மூன்றையும் யாரும் நினைப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் படம் எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பணம்

இதில் ஒரு கோட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அரசு ஊழியராக இருப்பவர், அதாவது தபால்காரர், கம்பியாளர், அரசு மருத்துவமனைப் பணியாளர் போன்றோர் செய்த கடமைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அது அன்பளிப்பு. உங்களுக்குப் பின்னால், கையில் காசில்லாமல் பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு அது எழுதப்படாத கட்டணமாகிவிடும். அவர்களுக்குத் தண்ணீரும் சொல்லும் கடிதமும் போதும்.

வீட்டு வேலை செய்கிறவர், காவலாளி, பொருள் கொண்டுவருகிறவர் ஆகியோருக்குப் பணம்தான் மிகவும் பயன்படும். அதில் கூச்சம் வேண்டாம். வீட்டு வேலை செய்கிறவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தீபாவளிக்குக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அதைப் பண்டிகையன்று காலையில் கொடுத்தால், அவர் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியாது. பத்து நாள் முன்னதாகவே கொடுங்கள். உறையில் போட்டு, இரு கைகளாலும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளப் பிடித்தமின்மையும் அவருக்கு இருக்கின்றனவா என்பதை, அன்பளிப்பைப் பற்றி யோசிக்கும் முன்னரே சரிபார்த்துவிடுங்கள்.

பணத்தைவிட நீண்ட நாள் உதவக்கூடிய இன்னொன்று உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007-இலேயே நல வாரியம் அமைக்கப்பட்டது. உணவு, பொருள் கொண்டுவருகிற இணையவழித் தொழிலாளர்களுக்கு 2023-இல் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை போன்றவை கிடைக்கின்றன. பதிவு இணையத்தில் நடப்பதால், கணினி பழகாத பலர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு அவரை வரச் சொல்லி, உங்கள் கணினியில் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவருடைய குறிப்பேட்டிலேயே எழுதித் தர வேண்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியை மட்டும் உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மேலதிகாரிக்கு எழுதுதல்

குறை என்றால் எழுதுகிறோம். நிறை என்றால் மனத்தோடு வைத்துக்கொள்கிறோம். அதனால் ஓர் அலுவலகத்தின் கோப்பில் ஒரு நடத்துநரைப் பற்றி இருப்பவை புகார்களாகவே அமைந்துவிடுகின்றன. அஞ்சலகத்தில் ஐம்பது பைசாவுக்கு இன்றும் கிடைக்கும் அஞ்சலட்டைகளில் பத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஊழியர் என்றால் அந்தப் பணிமனையின் கிளை மேலாளருக்கும், தபால்காரர் என்றால் அஞ்சலகத் தலைவருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைச் செவிலியர் என்றால் டீனுக்கும் எழுதலாம். தேதி, நேரம், இடம், தடம் எண், வாகன எண், நடந்தது என்ன என்பவற்றை ஐந்தாறு வரிகளில் சொன்னால் போதும். "பார்வையற்ற பயணி ஒருவர் இறங்கியதும், நடத்துநர் தாமே இறங்கி, அவரைச் சாலையின் மறுபக்கம் விட்டுவிட்டு வந்தார்" என்பது போல, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். அடைமொழிகள் வேண்டாம்.

அனுப்புமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் பாராட்டும் செயல், விதிப்படி அவர் செய்யக் கூடாததா? நிறுத்தம் இல்லாத இடத்தில் உங்களுக்காகப் பேருந்தை நிறுத்தியதையோ, கையுறையும் இடைப்பட்டையும் இல்லாமல் மழையில் கம்பத்தில் ஏறி மின்சாரம் தந்ததையோ புகழ்ந்து எழுதினால், அந்த அட்டையே அவர் மீதான விசாரணைக்குக் காரணமாகலாம். அவற்றுக்கு நேரில் சொல்லும் நன்றியே தக்கது. கம்பியாளரிடம், அடுத்த முறை மழை நின்ற பிறகு ஏறினால் போதும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அட்டையை அனுப்புமுன் கைப்பேசியில் ஒரு படி எடுத்து, அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது காட்டுங்கள். மேலிடம் அதை அவரிடம் சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. பேருந்தின் வாகன எண்ணைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டால் கவலை வேண்டாம். பயணச்சீட்டைக் கசக்கி எறியாமல் வைத்திருந்தால், அதில் அச்சான தேதியையும் நேரத்தையும் கொண்டே அந்த நடையில் யார் பணியில் இருந்தார் என்பதைப் பணிமனையில் கண்டுகொள்வார்கள்.